அசதிக்கு அடையாளம் இல்லை

வேண்டாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டே திரண்டு வந்து பார்த்தது. நாத்தனார் துர்காதேவி, "நீ தேறி வா அண்ணி. அதுவரைக்கும் உன் இடத்துல நான் குந்திகினு யாவாரம் பாக்குறேன்" என்று கையடித்துச் சொன்னாள். அந்த இடம்தான் வேண்டாவுக்கு எல்லாமே. அதில் உட்கார்ந்துதான் பிள்ளைகளை ஆளாக்கினாள்.

கை வந்தது, கால் வந்தது. பாழாய்ப்போன தெம்புதான் வரவில்லை. நாலு பாத்திரம் துலக்கினால் போதும், அப்படியே தரையில் சாய்ந்துவிடுவாள். தூங்கி எழுந்தாலும் அதே அசதி.

"வாதம் வந்த நிறைய பேருக்கு இது உண்டும்மா, சோம்பேறித்தனம் இல்ல" என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் சுஜாதா. "காலைல கொஞ்ச தூரம் நடங்க. நாற்காலில உக்காந்து எழுந்திருங்க. களைச்சுப் போறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். மெதுவா கூட்டிக்கலாம்."

அவளும் விடிந்ததும் கடலோரம் நடந்தாள். அங்கேதான் பிடித்தது சனியன். கல்பாக்கம் அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ்காரர்கள் நடந்தால் அது வாக்கிங். மீன்காரி கூடையில்லாமல் கைவீசி நடந்தால் ஊர் சும்மா விடுமா?

"ஊர் சுத்தத் தெம்பு கீது, ஒலை வெக்கத் தெம்பு இல்லியா?" என்று புருஷன் தர்மராஜ் எரிந்து விழுந்தான். வலை பிரிப்பவர்கள், "இன்னா நடிப்புடா" என்று அவள் காதுபடவே சிரித்தார்கள். வாய் கோணியிருந்தபோது நம்பிய சனம், நிமிர்ந்ததும் நம்பவில்லை. வேண்டாவுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

ஒருநாள் மணலில் கால் பிசகி நொண்டிக்கொண்டே வீடு வந்தாள். தர்மராஜ் பதறி ஓடிவந்து தாங்கிப் பிடித்தான். டீ போட்டுக் கொடுத்தான். "செத்த நேரம் படு" என்றான்.

மறுநாளே வலி போய்விட்டது. அவள் நொண்டுவதை விடவில்லை. வேறென்ன செய்வாள், பாவம்? அசதியைக் காட்ட அவளிடம் வேறு எதுவும் இல்லையே. நொண்டுகிறவள் கடலோரம் நடக்க முடியுமா? அந்த நடை நின்றது. கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து எழுவதை மட்டும் விடாமல் செய்தாள். மெள்ள மெள்ள அது பலித்தது. ஒரு வேளைச் சமையலைச் சாயாமல் முடித்த அன்று, பாதி நாளாவது கடை போடலாம் என்று ஆசை முளைத்தது.

அன்று சாயங்காலமே துர்காதேவி கண்கலங்கி வந்தாள். கையில் வஞ்சிரத் துண்டுகள்.

"மார்க்கெட்ல பேசி முடிச்சிட்டாங்க அண்ணி. நொண்டிகினு கீறவ எப்டி கூடை தூக்குவான்னு கேட்டாங்க. நானும் இன்னா சொல்றது? இடத்த எனக்கே குட்த்துட்டாங்க. நீ இனிமே கஷ்டப்படாத."

'என் கால் நல்லாத்தான் இருக்கு' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தர்மராஜ் பக்கத்திலேயே நின்றான். சொன்னால், பட்ட அசதியெல்லாம் பொய்யாகிவிடும்.

"சரிடி" என்று மீனை வாங்கிக்கொண்டாள். அடுப்படிவரைக்கும் நொண்டியே போனாள்.