வீரம்மாவின் பதினொரு செம்மறிகள்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்தில் 'வீரம்மா' என்று கூப்பிட்டால் எவரும் உடனே திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பெயரில் அங்கே மூவர் இருந்தனர். 'செம்மறி வீரம்மா' என்றால் மட்டும் பிசகு நேராது. கொழுந்து பறிப்பதில் அவருடைய கைவேகம் நடுத்தரமானதுதான். அவருக்கென்று தனிப் பெயரைத் தேடித் தந்தவை அவருடைய பதினொரு ஆடுகளே.

அவை இரண்டு குட்டிகளிலிருந்து பெருகியவை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து மூன்றில், தோட்டப் பாடசாலை ஆசிரியர் சிவபாதம் யாழ்ப்பாணத்துக்கே மாற்றலாகிப் போகும்போது, முன்பு தம் ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்திருந்த ஒரு கிடாய்க் குட்டியையும் ஒரு பெட்டைக் குட்டியையும் வீரம்மாவிடம் விட்டுச் சென்றார்.

"இந்தக் குளிருக்கு இதுகள் நிண்டு பிடிக்குமோ எண்டு எனக்குத் தெரியேல்லை பிள்ளை. நீர்தான் பாத்துக்கொள்ளும்" என்பதே அவர் சொன்ன புத்திமதி.

நின்று பிடித்தன. பெரிய துரையின் பங்களாவில் ஒரு காலத்தில் சீமையிலிருந்து வந்த கம்பளி ஆடுகள் இருந்தன. இரண்டு மழைக்காலங்களில் குளம்பு அழுகி அவை முடிந்துபோயின. வீரம்மாவின் ஆடுகளுக்குக் கம்பளி இல்லை. துருவேறிய தகரத்தின் நிறத்தில் குட்டையான மயிர். மழையில் நனைந்தால் ஒருமுறை உடலை உதறிக்கொள்ளும், அவ்வளவுதான். மூக்கில் அட்டை ஏறினால் தும்மிவிட்டு மேய்ச்சலைத் தொடரும். தை மாதப் பனியில் புல் கருகிய நாட்களிலும் அவை பத்தனைப் புல்வெளியில் எதையாவது கண்டுபிடித்துத் தின்றன.

அவற்றால் லயம் முழுவதற்கும் பயன் இருந்தது. லயத்துக்குப் பின்னால் பன்னிரண்டு காம்பரா வீடுகளுக்கும் சிறு காய்கறித் தோட்டங்கள் உண்டு. மூங்கில் படலால் ஆன பட்டியை வாரம் ஒரு தோட்டத்துக்கு நகர்த்தி, அங்கே ஆடுகளை அடைப்பது வழக்கமாயிற்று. பட்டி கிடந்த மண்ணில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் செழித்தன. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டாரும், காலையில் தேத்தண்ணி வடித்த பின் மிஞ்சும் சக்கையை வீரம்மாவின் வாசலில் இருந்த பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். அவர் அதில் கஞ்சித்தண்ணியும் ஒரு பிடி உப்பும் கலந்து வைப்பார். கூட்டத்தின் தலைவியான 'செவலை' என்னும் கிழட்டு ஆடு முதலில் குடிக்கும். மற்றவை அதன் பின்னால்தான்.

அறுபத்தொன்றாம் ஆண்டில், புதிதாக நட்ட தேயிலைக் கன்றுகளின் நுனிகள் ஒரு வரிசை முழுக்கக் கடிபட்டிருந்தன. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னதுரை உத்தரவிட்டார்: சனிக்கிழமைக்குள் தோட்டத்தில் ஓர் ஆடும் இருக்கக்கூடாது. கங்காணி ஆண்டியப்பனின் ஐந்து வெள்ளாடுகளும் அன்று மாலையே வட்டகொடையிலிருந்த அவர் மைத்துனர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

"கங்காணி வீட்டு ஆடுக உத்தரவுக்கு எம்புட்டு கட்டுப்பட்டு நடக்குது பாத்தியா? சொன்ன அன்னிக்கே ரயிலேறிருச்சு!" என்று அடுத்த காம்பராப் பேச்சியம்மா சிரித்தார்.

வீரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு ஆண்டுகள் வளர்த்த கூட்டத்தைக் கசாப்புக்காரனிடம் ஓட்டிவிட அவருக்கு மனமில்லை. மறுநாள் பெரட்டில், யாரும் எதிர்பாராதபடி, வரிசையை விட்டு முன்னே வந்தார்.

"தொரைங்களே, செம்மறி குனிஞ்சு புல்லுதாங்க மேயும். தேயிலையைத் தொடாதுங்க. நம்பாட்டி தேயிலை மலையில விட்டுப் பாருங்க."

சின்னதுரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, நாளைக்கு மூணாம் நம்பர் மலையில விடு. ஒரு எலை தின்னா, பதினொண்ணும் போகணும்."

"ஆகட்டுங்க."

அடுத்த நாள் விடிந்ததும் பேச்சியம்மா வழக்கம்போல் வந்து தகரத்தில் சக்கையைக் கொட்டினார். அதைக் கண்டதும் வீரம்மாவின் கை, கஞ்சிக் குண்டானோடு அப்படியே நின்றுவிட்டது.

"அடியே பேச்சி, எட்டு வருசமா நான் இதுகளுக்குத் தேயிலையத்தான ஊட்டுறேன்!"

பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வீரம்மாவின் கணவர் அழகுமுத்து மட்டும், "வாயக் குடுத்தாச்சு. இனி ஆடு பாத்துக்கும், நட" என்றார்.

மூன்றாம் நம்பர் மலையில் சின்னதுரை கைத்தடியோடு காத்திருந்தார். சற்றுத் தள்ளி நின்ற கங்காணியோ தம் தலைப்பாகையைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். இளந்தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஆடுகள் இறங்கின. பத்து ஆடுகள் குனிந்து புல்லைக் கரண்டத் தொடங்கின. செவலை குனியவில்லை. ஒரு கன்றின் அருகே போய் மூக்கை நீட்டி, நெடுநேரம் முகர்ந்தது. பிறகு ஓர் இலையைப் பறித்து வாயில் போட்டது.

"போச்சு" என்று முணுமுணுத்தார் வீரம்மா.

செவலை இரண்டு முறை மென்றது. பின்பு தலையைச் சாய்த்து, உதட்டை மடித்து, மென்றதை அப்படியே தரையில் உதிர்த்தது. ஒரு தும்மல் போட்டுவிட்டுக் குனிந்து புல்லை மேயத் தொடங்கியது. உச்சிவெயில் ஏறும்வரை பதினொன்றில் ஒன்றுகூடத் தேயிலைப் பக்கம் திரும்பவில்லை. அந்த வரிசையில் களைதான் குறைந்திருந்தது.

சின்னதுரை கீழே கிடந்த இலையைத் தடியால் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "தின்னல. துப்பிடிச்சு." பிறகு கங்காணியின் பக்கம் திரும்பினார். "ஆண்டியப்பன், செம்மறி இருக்கட்டும். இந்த மலைப் புல்ல மேயட்டும். வெள்ளாடு வட்டகொடையிலயே இருக்கட்டும்."

"சரிங்க தொரே" என்றார் கங்காணி, பூமியைப் பார்த்தபடி.

அன்று மாலை, எதற்கு வம்பு என்று எண்ணிய வீரம்மா, சக்கை சேர்க்காமல் கஞ்சித்தண்ணியும் உப்பும் மட்டும் கலந்து வைத்தார். செவலை தகரத்துக்குள் எட்டிப் பார்த்தது, குடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நீளமாகக் கத்தியது. பின்னால் நின்ற பத்தும் சேர்ந்து கத்தவே, லயத்தார் வாசலுக்கு வந்துவிட்டனர்.

வீரம்மா உள்ளே போய், வடிகட்டியிலிருந்த சக்கையைக் கொண்டுவந்து தகரத்தில் தட்டினார். செவலை உடனே தலையைக் கவிழ்த்தது.

"நீயும் எங்களாட்டந்தான்டி" என்று அதன் முதுகில் செல்லமாக ஓர் அடி வைத்தார் வீரம்மா. "கொழுந்து வேணாம். தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு வேணும்."