அகல லென்ஸில் எங்கள் காம்பரா

புது வீடு கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருந்தபோது, தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் நாங்கள் ஆறு பேர் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவை, மேலிடத்தில் காட்டுவதற்காகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். சுவரோடு ஒட்டி நின்றும் போனில் பாதிதான் விழுந்தது. பதுளை டவுனில் அகலமாக எடுக்கிற கிளிப் லென்ஸ் ஒன்றை வாங்கி வந்தேன். முதல் படத்தில் மூலையெல்லாம் கறுப்பு. போன் உறையைக் கழற்றி, கேமராக் கண்ணுக்கு நேராகக் கிளிப்பை நகர்த்தியதும் அடுப்பு, கட்டில், அலுமாரி, மனைவி எல்லாம் ஒரே படத்தில் வந்துவிட்டன. பெருமையாக அனுப்பினேன்.

உடனே தலைவர் கூப்பிட்டார். "என்னண்ணே, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு! இதக் காட்டுனா எவன் வீடு குடுப்பான்?"

மனைவி படத்தை எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு எடம் இருந்தா உங்கள ஏன் வாசல்ல படுக்கச் சொல்றேன்?"

அலுப்போடு லென்ஸைக் கழற்றினேன். மறுபடி எடுத்த படத்தில் பாதி அலுமாரியும் மனைவியின் ஒரு தோளும் மட்டுமே இருந்தன. அதை அனுப்பிவிட்டு, குரல் பதிவும் போட்டேன்.

"தலைவரே, இதுக்கு மேல பின்னால போக எடமில்ல. முதுகு செவுத்துல இடிக்குது. அதையும் சேத்துச் சொல்லுங்க."