இரண்டு பெண்களுக்கும் ஒரே முடிவுத்தாள்

இன்று மன்னார்குடியில் நடந்த இலவசப் படிப்பு ஆலோசனை முகாமுக்குப் பேத்தி அகிலாவுடன் போயிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். விவசாயம் படிக்க ஆசை. அது தனக்குச் சரிப்படுமா என்று யாராவது நடுநிலையாகச் சொல்வார்கள் என நம்பி வந்தாள்.

அங்கே கொடுத்த நாற்பது கேள்விகளுக்கு யோசித்து யோசித்துப் பதில் எழுதினாள். முடிவுத்தாள் வந்தது.

நான் போன வருடம்தான் படிக்கக் கற்றேன். இப்போது எந்தத் தாளையும் விடுவதில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'உங்களுக்குப் பொருத்தமானது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்.'

பக்கத்தில் நர்ஸ் ஆக விரும்பும் ஒரு பெண். அவள் தாளையும் வாங்கிப் படித்தேன். அதே வரி, பெயர் மட்டும் வேறு. இரண்டிலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு கல்லூரியின் பெயர்.

தாள் கொடுத்த முகாம்காரரிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் எப்படி தம்பி ஒண்ணே வந்துச்சு?"

"எங்க காலேஜ்ல அதுலதான் சீட் இருக்கு தாத்தா. இன்னிக்கே சேத்துடுங்க."

இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தேன்.

"பக்கத்துப் பக்கத்து வயல் மண்ணைப் பரிசோதனைக்குக் குடுத்தாலே ரெண்டு விதமா எழுதித் தர்றாங்க. இதுங்க மனுசப் புள்ளைங்க தம்பி."

அவர் சேர்க்கைப் படிவத்தையும் மை டப்பாவையும் என் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்து வராதுன்னா கைநாட்டு வைங்க, போதும்."

என் பெயரை எழுத ஆறு மாதம் பழகியிருக்கிறேன். அந்தத் தாளில் அதை எழுதாமல் எழுந்து வந்துவிட்டேன்.

சீட் எதுவும் விற்காமல் ஆலோசனை மட்டும் சொல்பவர் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தால் எழுதுங்கள். பொடி எழுத்தானாலும் படித்துவிடுவேன்.