கம்பெனி வாசலில் ஒரு கூடை மீன்

நான்காம் வகுப்பு படித்தபோது எனக்கிருந்த ஒரே கூட்டாளி மாமாதான், அம்மாவின் தம்பி. அம்மா சிறுசேரியில் ஓர் ஆபீசைக் கூட்டித் துடைக்க, விடியும்போதே வேன் ஏறிவிடுவாள். அப்பா எருமைக்கறியை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்த்தார். பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். புத்தகப்பையோடு நேரே ஏரிக்குப் போவேன். அங்கே மாமா வலையை உதறிக்கொண்டிருப்பார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

வெளிநாட்டில் கறிக்கு ஆர்டர் ஏறிக்கொண்டே போவதாக அப்பா பெருமையாகச் சொல்வார். ஒரு ஷிஃப்ட் இரண்டாகி, இரண்டு மூன்றானது. கறி கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி மட்டும் முதல் ஷிஃப்டுக்குக் கட்டிய அதே தொட்டி. மிச்சத் தண்ணீர் கால்வாய் வழியாக ஏரிக்கு வந்தது.

ஒரு நாள் நான் போனபோது கரையெல்லாம் வெள்ளையாக இருந்தது. கெண்டையும் விராலும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"இன்னா மாமா, இவ்ளோ மீனு!" என்று குதித்தேன்.

"செத்துப் பூட்ச்சு பாப்பா. தொடாத" என்றார் மாமா.

ஒரு கூடை நிறைய அள்ளிக்கொண்டு நடந்தார். கூடையின் ஒரு பக்கக் காதை நான் பிடித்துக்கொண்டேன். கம்பெனி வாசலில் கூடையை இறக்கியதும் நாற்றத்தில் காவலாளி மூக்கைப் பொத்தினார். உள்ளேயிருந்து சூப்பர்வைசரும் நாலைந்து பேரும் வந்தார்கள். எல்லோரும் வெள்ளைக் கோட்டு, மாஸ்க். அதில் ஒருவர் அப்பா. கம்பெனித் தண்ணீரால்தான் மீன் செத்தது என்றார் மாமா.

"இந்த ஊரு ஆளா நீ? அந்தத் தண்ணி நம்மளுதா?" என்று அப்பாவைக் கேட்டார் சூப்பர்வைசர்.

"நீயே சொல்லு மச்சான். எங்கேர்ந்து வர்து அந்தத் தண்ணி?" என்றார் மாமா.

அப்பா கூடையைப் பார்த்தார். நான் "அப்பா!" என்று கூப்பிட்டுக் கையை ஆட்டினேன். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். மாமா மீனை வாசலிலேயே கொட்டிவிட்டு, வெறும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார். என் கையைப் பிடிக்கவில்லை.

அந்த வாரமே மாமல்லபுரம் பக்கம் படகு வேலைக்குப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அதன்பின் பள்ளி விட்டால் வாசற்படியில் உட்கார்ந்து, யாராவது வருவார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல மாட்டுக்கறிக் குழம்பு. வாராவாரம் சாப்பிட வரும் மாமா வரவில்லை. அம்மா மூன்று தட்டுதான் வைத்தாள்.

"அன்னிக்கு நான் கூப்ட்டனே, ஏம்ப்பா பேசல?" என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மாஸ்க் போட்டுக்கினு இருந்தேன்ல. நீ நின்னது தெரியல கண்ணு."

நான் நம்பினேன். அம்மாவிடம்கூட, "பாவம்மா அப்பா, மாஸ்க்ல ஒன்னுமே தெரியாதாம்" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மாஸ்க் மூக்கையும் வாயையும்தான் மூடும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.