ஞாயிறுதோறும் நான் ஏன் மேடை ஏறுகிறேன்

திருப்பதியில் நான் வேலை பார்த்த லாட்ஜில், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டு வந்த ஒருவன் தங்கியிருந்தான். நான் கூட வேலை செய்கிறவர்களிடம் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பான். அதையே என் ஊர் நகரியில் ஒரு கல்யாண மண்டப மேடையில் நின்று மைக்கில் பேசச் சொன்னான். பெங்களூரில் இதற்கெல்லாம் கூட்டம் கூடுகிறதாம். நான் நம்பவில்லை. சும்மா மைக் கொடுக்கிறவன் எதையாவது பிடுங்கத்தான் கொடுப்பான். மண்டபம் யாருடையது என்று கேட்டேன்.

"டென்ஷன் வத்து, வேணாம் அண்ணா. ஒருத்தரு ஃப்ரீயா குடுத்தாரு" என்றான். யார் என்று சொல்லவில்லை.

மேடை ஏறியதும் தெரிந்தது. முதல் வரிசையில் என் பழைய முதலாளி. நகரியில் அவருடைய பவர்லூம் கொட்டகையில் பல வருஷம் தறி ஓட்டினேன். நூல் விலை ஏறியபோது என்னை நிறுத்தினார். அதே சமயத்தில்தான் இந்த மண்டபத்தையும் கட்டினார். என் மனைவி இன்னும் அவரிடம்தான் வேலை செய்கிறாள். லாட்ஜ் சம்பளம் போதாது; வீட்டில் உலை கொதிப்பது அவள் கூலியில்.

எனக்குத் தறிக்கதை தவிர வேறு தெரியாது. கரண்டு போனால் முதலாளி ஓய்வு எடுக்கச் சொல்வார், அந்த ஓய்வைக் கூலியில் பிடித்துக்கொள்வார் என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் கைதட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

பிறகு பக்கத்திலிருந்த மேஸ்திரியிடம் திரும்பி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார். தறி இரைச்சலில் காது உதவாது. கொட்டகையில் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அவரும் தறி ஓட்டி மேலே வந்தவர். நான் மேடையிலிருந்து உதட்டைப் பார்ப்பதை மறந்து, சத்தம் வராவிட்டால் ரகசியம் என்று நினைத்துவிட்டார்.

மைக்கில் சொன்னேன்: "மொதலாளி இப்போ மேஸ்திரிகிட்ட இன்னா சொன்னாரு தெரியுமா? 'இவன் பொண்டாட்டிய நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடு'ன்னாரு."

அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் எழுந்து, "வரட்டும்பா, யாரு வேணான்னது" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் என் மனைவி வேலைக்குப் போனாள். நூல் அறுந்துகொண்டே இருந்து கூலியைக் குறைக்கும் தறியைக் கொடுத்தார்கள். மண்டபமும் இனிமேல் கிடையாது என்று மேஸ்திரி அவளிடமே சொல்லி அனுப்பினார். மைக்கை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"விட்டுப் பாரு. நீ பேசிக்கினு இருக்கறவரைக்கும்தான் அந்தாளு பயப்படுவான். வாய மூடினா அடுத்த வாரமே என்ன அனுப்பிடுவான்" என்றாள்.

அப்படித்தான் இது வாராவாரம் என்று ஆனது. இப்போது ஒரு டீக்கடை மாடியில் நடக்கிறது. ஊரில் புதுக் கலையைத் தொடங்கியதாக பெங்களூர்க்காரன் சொல்லித் திரிகிறான். மண்டபக்காரர் பெயரை ஏன் மறைத்தான் என்று கேட்டால் சிரிக்கிறான். அவனை நான் நம்பவில்லை. ஆனால் ஒரு ஞாயிறும் தவறாமல் போகிறேன். அவள் இன்னும் அந்தத் தறியில்தான் நிற்கிறாள்.