எழுபத்தோரு நிமிட ஆட்டக்காரர்

குனிந்தபடியேதான் ஜெப்ரி கோழி ஷெட்டுக்குள் நடக்கிறார். நிமிர்ந்தால் இரும்புச் சட்டம் நெற்றியில் இடிக்கும். ஏற்கெனவே இடித்த தழும்புகள் மூன்று. அவற்றுக்கு ஊர்ப்பெயர் வைத்திருக்கிறார். "இது பொங்கலூருங்க. இது காமநாயக்கன்பாளையம். புருவத்துக்கு மேல இருக்கறது நம்ம சீனிவாசலு பண்ணைங்க." உயரம் ஆறடி ஏழரை அங்குலம். பல்லடம் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளை அந்த உயரத்தை நினைத்து யாரும் கட்டவில்லை.

அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டுகிற குழாய்களைப் பண்ணைகளுக்கு விற்று மாட்டிக்கொடுப்பது அவர் தொழில். குஞ்சுகள் வளர வளரக் குழாயை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். கோழி கழுத்தை நீட்டினால் எட்ட வேண்டும், நீட்டாமல் எட்டக் கூடாது. அந்த உயரத்தைச் சரிபார்க்க மற்றவர்கள் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஜெப்ரி கால்களை மடக்கித் தரையில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைக் குஞ்சுகளின் மட்டத்துக்கு இறக்கிப் பார்க்கிறார். எழுந்திருக்க நேரமாகும். வலது முழங்கால் முதலில் சம்மதிக்காது.

"ஏனுங்க ஜெப்ரி, ஆஸ்திரேலியாவுல பெரிய ஆட்டக்காரரா இருந்தீங்கன்னு சொன்னாங்களே, நெசமுங்களா?" என்று சீனிவாசலு கேட்டார். பண்ணைக்காரர்களில் எதையும் விசாரித்துத் தெரிந்துகொள்கிறவர் அவர்.

"ஒம்பது வருசம் புரொபஷனலா ஆடுனனுங்க. அதுல ஆடுனது எழுபத்தோரு நிமிசம். மிச்சத்துக்கு உக்காந்திருந்தனுங்க."

"மொத்தமே எழுபத்தோரு நிமிசமுங்களா?"

"ஆமாங்க. காந்திபுரத்துல நீங்க பஸ் ஏறி உக்காந்தீங்கன்னா, பல்லடத்துல எறங்கறதுக்குள்ள என்ற கேரியரு முடிஞ்சுபோகுமுங்க."

"டிராபிக் இருந்துதுன்னா?"

"அது ஓவர்டைமுங்க."

சீனிவாசலு சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை ஜெப்ரி காத்திருந்து, குழாயை அரை அங்குலம் உயர்த்தினார். தன்னைப் பற்றிய கேலியை அவர் பிறருக்கு விட்டுவைப்பதில்லை. முந்திக்கொண்டு தானே சொல்லிவிடுகிறார்.

அப்பா சகாயம் பீளமேட்டில் லேத் பட்டறையில் இருந்தவர். ஜெப்ரிக்குப் பதினொரு வயதானபோது குடும்பத்தோடு அடிலெய்டுக்குப் போனார். பையன் அங்கே மூன்று வருடத்தில் ஒன்றேகால் அடி வளர்ந்தான். அந்த ஊரில் அப்படி வளர்கிற பையனை யாராவது ஒருவர் கூடைப்பந்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல்லூரி அணி, மாநில அணி, இருபத்து நான்கு வயதில் நாட்டின் முதல் தர லீக். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று சகாயம் தெருவில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தார். அதன் பிறகு ஜெப்ரி மூன்று நகரங்களில் மூன்று அணிகளுக்கு ஆடினார். அதாவது, மூன்று அணிகளின் சட்டையைப் போட்டிருந்தார்.

அவரை எப்போது இறக்குவார்கள் என்பதில் ஒரு விதி இருந்தது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறவும் இல்லை. "ஜெயிக்கறதுன்னு முடிவாயிருக்கோணும். இல்லாட்டித் தோக்கறதுன்னு முடிவாயிருக்கோணும். ரெண்டுல ஒண்ணு உறுதியானாத்தானுங்க என்னயக் கூப்புடுவாங்க." முப்பது புள்ளி வித்தியாசம், கடைசி இரண்டு நிமிடம், ஜனங்கள் கார் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்திருக்கும் நேரம். அப்போது ஜெப்ரி களத்தில் இருப்பார். அவர் போடும் பந்து விழுந்தாலும் ஒன்றுதான், விழாவிட்டாலும் ஒன்றுதான். எதையும் மாற்ற முடியாத இடத்தில் மட்டும் ஒரு மனிதனை ஒன்பது வருடம் அனுமதித்தால், தான் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி அவனுக்கு வராமல் இருக்காது. ஜெப்ரிக்கு வந்தது. அதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு தயாராக வைத்திருக்கிறார். "ஞாயித்துக்கெழம கோயில்ல டீமுல எல்லாத்தோட சுகத்துக்கும் ஜெபம் பண்ணுவனுங்க. என்ற எடத்துல சென்ட்டரா ஆடறவனோட கணுக்கால மட்டும் லிஸ்ட்டுல சேக்கறதுக்கு மறந்துபோகுமுங்க."

அந்தக் கணுக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது ஜெப்ரியின் முழங்காலுக்கு.

முப்பத்து மூன்று வயதில் ஒப்பந்தம் முடிந்தது. சூலூர்ப் பெண் ஷைலாவோடு கல்யாணம் அதற்கு முன்பே ஆகியிருந்ததால் கோயம்புத்தூருக்குத் திரும்பினார். குழாய் வியாபாரம் ஷைலாவின் அப்பா தொடங்கியது. கணவரின் ஆட்ட வாழ்க்கையைப் பற்றி ஷைலாவிடம் கேட்டால் அவரும் ஒளிப்பதில்லை. "நிச்சயத்துக்கு முன்னாடி இவரு பேரப் போட்டு யூட்யூப்புல தேடுனனுங்க. பன்னெண்டு செகண்டு ஓடற வீடியோ ஒண்ணு வந்துச்சு. அதுலயும் இவரு ஷூ லேஸ் கட்டிட்டு உக்காந்திருந்தாரு."

அவரைச் சிறந்த ஆட்டக்காரர் என்று சொல்ல யாரிடமும் சான்று கிடையாது. ஒழுங்காகத் தயாராக இருந்தவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் வேடிக்கைப் பேச்செல்லாம் தீர்ந்த ஒரு பொழுதில் ஷைலாவிடம் அவர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். போர்டில் பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் என்று இருக்கும்போது ஒரே ஒரு தடவை களத்தில் நிற்க வேண்டும். முதல் ஐந்து பேரில் ஒருவராக. எழுபத்தோரு நிமிடத்தில் ஒரு நொடிகூட அப்படி வாய்க்கவில்லை.

"அவ்வளவுதானுங்களா?" என்றாராம் ஷைலா.

"அவ்வளவுதான் அம்மணி. அதுவே பேராசைன்னு பட்டுதுன்னா சொல்லிப்போடு, உட்டர்றேன்."

இந்த வருடம் செங்கதிர் கூடைப்பந்துக் கழகத்தார் வீடு தேடி வந்தார்கள். செயலாளர் லட்சுமணசாமிக்கு எட்டுத் தறிகளும், ஃப்ளெக்ஸ் வைப்பதில் தீராத ஆசையும் உண்டு. வட்டார அளவிலான போட்டியில் ஜெப்ரி தங்கள் அணிக்கு ஆட வேண்டும் என்றார். ஜெப்ரி தன்னுடைய எழுபத்தோரு நிமிடத்தையும் முழங்காலையும் விளக்கமாகச் சொன்னார். லட்சுமணசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் நெம்ப அடக்கமாப் பேசறீங்க. போட்டோ ஒண்ணு மட்டும் குடுத்துருங்க" என்றார்.

ஜெப்ரியிடம் இருந்த நல்ல போட்டோ ஒன்றே ஒன்று. இரண்டு கைகளையும் தூக்கி வாய் திறந்து கத்திக்கொண்டிருப்பார். வேறு யாரோ போட்ட பந்து கூடைக்குள் விழுந்ததற்காகப் பெஞ்சில் இருந்து எழுந்து துண்டைச் சுழற்றியபோது எடுத்தது. ஃப்ளெக்ஸ் அடித்தவர் துண்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் பந்தை வைத்திருந்தார். பின்னால் கங்காரு ஒன்று நின்றது. 'ஆஸ்திரேலியக் கண்டத்தின் ஆட்டநாயகனே வருக' என்ற எழுத்து சூலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பன்னிரண்டடி உயரத்துக்கு நின்றது. ஜெப்ரி அந்த வாரம் முழுவதும் பைபாஸ் வழியாகவே பல்லடம் போனார்.

வீட்டில் மட்டும் பைபாஸ் இல்லை. "ஏனுங்க ஆட்டநாயகரே, கேஸ் சிலிண்டர் வந்திருக்குது. கொஞ்சம் உள்ள தூக்கி வெக்கறீங்களா?"

ஃப்ளெக்ஸில் இவ்வளவு பெரிதாகப் போட்டுவிட்டு ஆளை உட்கார வைத்தால் கழகத்துக்கே அசிங்கம், முதல் ஐந்தில் இறக்கியே தீர வேண்டும் என்று லட்சுமணசாமி அடம்பிடித்தார். பயிற்சியாளர் பங்காரு ஒப்பவில்லை. அவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஃப்ளெக்ஸைப் படிக்காமல் ஆட்டத்தை மட்டும் பார்க்கிறவர். மூன்று நாள் பயிற்சியிலேயே ஜெப்ரியை எடைபோட்டுவிட்டார். சென்ட்டர் இடத்தில் இரண்டு வருடமாக ஆடுவது கிஷன். பம்ப் கம்பெனியில் வேலை, இருபத்தாறு வயது, ஜெப்ரியைவிட நான்கு அங்குலம் குட்டை, நான்கு மடங்கு வேகம். முதல் ஐந்தில் ஜெப்ரி வருவதென்றால் கிஷன் உட்கார வேண்டும்.

கிஷனே முடிவைச் சொன்னான். "அண்ணனே எறங்கட்டுமுங்க சார். கங்காரு வரைக்கும் போட்டுட்டாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மூணு நிமிசம்," என்றார் பங்காரு. "நாலாவது நிமிசம் கிஷன் உள்ள. தெரிஞ்சுதுங்களா?"

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை. பூசைக்குப் போய்விட்டு வந்த ஜெப்ரி, பங்காருவிடம் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். 'சார், கிஷனையே எறக்குங்க. அதான் நாயம்.' வீட்டிலிருந்து மைதானம் வரைக்கும் காருக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் வந்தது. மைதானத்தில் பங்காருவின் முன்னால் போய் நின்றபோது, "சார், பந்துல காத்துக் கொஞ்சம் கம்மியா இருக்கறாப்பல இருக்குதுங்க" என்று வந்தது. பெருந்தன்மையைக் கைவசம் வைத்திருப்பதாக நம்புகிறவர்கள் அதை எடுக்கப் போகும்போதுதான் பை காலி என்று தெரிந்துகொள்கிறார்கள். ஜெப்ரி பிற்பாடு இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "கணுக்காலுக்கு ஜெபம் பண்ணாதவன் வேற எப்புடியுங்க இருப்பான்?"

மைக்கில் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். கூப்பிடப்பட்டவர் ஓடிவர, இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் பெஞ்சுக்காரர்கள் கையில் தட்டி அனுப்புவார்கள். ஜெப்ரியும் வரிசையில் நின்று தட்டினார். இந்த வேலையில் அவருக்கு ஒன்பது வருட அனுபவம். நான்கு பேர் ஓடிவிட்டார்கள். ஐந்தாவதாக, "ஆஸ்திரேலியக் கண்டத்தின்..." என்று தொடங்கி மூச்சு வாங்கி, "ஜெப்ரி சகாயம்!" என்று முடித்தது மைக். ஜெப்ரி குனிந்து கையை நீட்டியபடி, ஓடிவரப் போகிற ஆளுக்காகக் காத்திருந்தார். கூட்டம் பார்த்தது. மைக் மறுபடியும் கூப்பிட்டது.

"அண்ணா," என்று பக்கத்தில் நின்ற கிஷன் முதுகில் கை வைத்துத் தள்ளினான். "உங்களத்தானுங்க."

நடு வட்டத்துக்குப் போய் நின்றார். எதிர் அணி சென்ட்டர் அவர் தோளுக்கு வந்தான். நடுவர் பந்தை மேலே எறிந்தார். குதிக்கவேண்டிய அவசியம்கூட அவ்வளவாக இல்லை. ஜெப்ரி தட்டிய பந்து தன் அணிக்காரனின் கையிலேயே போய் விழுந்தது. அவன் ஓடினான்.

ஜெப்ரி ஓடவில்லை. மைதானத்தின் ஓரத்தில், ஆணிகளில் எண் தகடுகளை மாட்டுகிற பலகை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பூஜ்ஜியம், மறுபக்கம் பூஜ்ஜியம். பெயின்ட் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. தகடுகள் காற்றில் லேசாக ஆடின. ஜெப்ரி நின்று அதைப் பார்த்தார். ஒன்றும் முடிவாகவில்லை. யாரும் கார் சாவியைத் தேடவில்லை. பார்க்க வேண்டியதை ஒரு நொடியில் பார்த்துவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் காத்திருந்து பார்க்கிற ஒன்றை ஒரு நொடியில் எப்படிப் பார்ப்பது என்று அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

அதற்குள் அங்கே அவர் அணிக்காரன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. எதிர் அணி எடுத்தது. அந்தத் தோளளவுச் சென்ட்டர், ஜெப்ரி பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள், அவரைத் தாண்டி ஓடி, பந்தை வாங்கி, தடுப்பார் இல்லாமல் கூடைக்குள் போட்டான். பலகைக்காரர் ஒரு பூஜ்ஜியத்தைக் கழற்றிவிட்டு இரண்டை மாட்டினார்.

"யோவ் ஆஸ்திரேலியா!" பங்காரு கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். "போர்டுல என்னய்யா படமா ஓடுது? அவன் உன்ற ஆளுய்யா! உன்றாளு தாண்டிப் போறான், நீ நின்னு வேடிக்கை பாக்கற! ரெண்டு பாயின்ட் போச்சேய்யா!"

லட்சுமணசாமி நாற்காலியில் கூசிப்போய் உட்கார்ந்தார். அணிக்காரர்கள் நான்கு பேரும் திரும்பி முறைத்தார்கள். ஒன்பது வருடங்களில் ஜெப்ரி கோட்டைவிட்ட எதற்கும் எந்தப் பயிற்சியாளரும் கத்தியது கிடையாது. தோளில் தட்டி, 'பரவாயில்லை, பரவாயில்லை' என்பார்கள். முடிந்துபோன ஆட்டத்தில் எல்லாமே பரவாயில்லைதான். இங்கே பங்காருவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டு புள்ளிகள் நிஜமாகவே போயிருந்தன. போனது ஜெப்ரியால்.

தவறு தன்னுடையது என்றால் கை தூக்கி ஒப்புக்கொள்வது ஆட்டக்காரர்களின் வழக்கம். சும்மா முழங்கை உயரத்துக்குத் தூக்கி உடனே இறக்கிவிடுவார்கள். ஜெப்ரி வலது கையைத் தோளிலிருந்து முழுதாக நீட்டி, விரல்களை விரித்து, அந்த மைதானத்தில் வேறு யாராலும் எட்ட முடியாத உயரத்துக்குத் தூக்கினார். "தெரியுதுய்யா, எறக்கு, எறக்கிப்போட்டு ஓடு" என்று பங்காரு கத்திய பிறகும், தன் ஆளைத் துரத்திக்கொண்டு மறுமுனைக்கு ஓடும்போதும், அவர் அந்தக் கையை இறக்கவில்லை.