மைக் இல்லாத ஹெட்போன்

போன் அடித்தால் இப்போதெல்லாம் முதலில் அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கிறேன். எதுவும் செருகியிருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எடுக்கிறேன். அலுவலகத்தில் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன வருடம் வாங்கிய போனில் ஹெட்போன் செருகத் துளை கிடையாது. என்னிடமோ காதை முழுக்க மூடும் பழைய வயர் ஹெட்போன் ஒன்று இருந்தது. விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்கள் தாழ்ந்துதான் போகும். அதை மாட்டிக்கொண்டால் விமானம் வெறும் நிழலாகிவிடும். அதை விட மனமில்லாமல் ஒரு டாங்கிள் வரவழைத்தேன். விரல் நீளம்கூட இராது. ஒரு முனையைப் போனில் செருகி, மறுமுனையில் ஹெட்போனை மாட்ட வேண்டும். போனில் எண்களாக இருக்கும் பாட்டை அதற்குள் இருக்கும் சில்லு ஒலியாக்கிக் கொடுக்கும். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குப் பார்சல் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. முதல் நாளே, முப்பது வருடமாகக் கேட்ட ஒரு பாட்டில் பாடகி மூச்சை இழுப்பது கேட்டது. பேட்டரியைக் குடிக்கும், கொஞ்சம் சூடாகும், வேறு குறையில்லை. என் மனைவி அதற்கு வால் என்று பெயர் வைத்தாள்.

எங்கள் மகள் வடக்கே அரைநாள் பஸ் தூரத்திலுள்ள ரங்கத்தில் ஒரு பள்ளியில் ஒப்பந்த ஆசிரியை. உடன் வேலை பார்க்கும் தெலுங்குப் பெண்ணோடு ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். பழைய ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கட்டுமா என்று கேட்டாள். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் வேண்டாம் என்றேன். வாங்கிவிட்டாள். நான் பேச்சை நிறுத்தினேன்.

எனக்குக் கத்தத் தெரியாது. கோபம் வந்தால் பேச மாட்டேன், அவ்வளவுதான். போனிலும் அப்படியே. எடுப்பேன், காதில் வைத்திருப்பேன், அந்தப் பக்கம் இருப்பவர் அலுத்துப்போய் வைக்கும்வரை ஒரு வார்த்தை வராது. அவள் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்தே இது நடக்கிறது. நடுவில் நின்று சமாளிப்பது மனைவியின் வேலை. அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு என்பாள். அப்பா தூங்குறாரு என்பாள். ஸ்கூட்டருக்காகப் பேசாமல் இருந்தது பதினோரு நாள். சாயங்காலம் மகள் அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவாள். நான் டாங்கிளைச் செருகி ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் மனைவி தன் போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு நின்று, இரண்டு காதிலும் மணி அடித்தது. மகள். பேசிவிடுவது என்று முடிவு செய்துதான் எடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் எடுத்தபோது என்னிடம் எந்த முடிவும் இல்லை.

“அப்பா, கோபப்படாதீங்க. வண்டி சறுக்கிடுச்சு.”

“எங்கம்மா? அடி பட்டுச்சா?” என்றேன்.

“அப்பா?”

“கேக்குது, சொல்லு.”

“லைன்ல இருக்கீங்கல்லப்பா?”

நான் கத்தினேன். கத்தத் தெரியாதவன் கத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு எதுவும் போய்ச்சேரவில்லை. எனக்கோ எல்லாம் கேட்டது. அவள் எச்சில் விழுங்குவது, ஒரு தட்டில் கத்தரிக்கோலை வைப்பது, ஈரச் செருப்போடு யாரோ நடப்பது.

“நெத்தில நாலு தையல். முட்டி உரசிடுச்சு. பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டு நாளைக்கு யாராவது கூட இருந்து பாத்துக்கணுமாம், டாக்டர் சொல்றாரு.” குரலைத் தாழ்த்தினாள். “வீட்டுக்கு வரட்டுமாப்பா? காலைல பஸ் இருக்கு.”

“வா,” என்றேன். “வாம்மா. இல்ல, நீ இரு, நானே வர்றேன்.”

அவள் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், நர்ஸாக இருக்க வேண்டும், இந்தியில் யார் அது என்று கேட்டது.

“பாபா ஹே,” என்றாள் என் மகள். “பாத் நஹி கரேகா. ஐஸா ஹி ஹே.”

அப்பா, பேச மாட்டார், அப்படித்தான் அவர். அதில் வருத்தம் எதுவும் இல்லை. மழை பெய்தால் கரண்ட் போகும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்தப் பெண் லேசாகச் சிரித்து, “ஸப் கா பாப் ஐஸா ஹி ஹே,” என்றாள், எல்லார் அப்பாவும் அப்படித்தான் என்று. வாயைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டு பேசிய பேச்சு அது. வெறும் போனைக் காதில் வைத்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காது.

“சரிப்பா, வைக்கிறேன்.”

உடனே நான் கூப்பிட்டேன், டாங்கிளைக் கழற்றாமலே. அதை மாட்டியபடி அதுவரை யாரோடும் பேசியதில்லை; அதுதான் காரணம் என்று அப்போது தோன்றவில்லை, டவர் கோளாறு என்றே நினைத்தேன். எடுத்தாள்.

“சொல்லுங்கப்பா.”

சொன்னேன். முன்னைவிட உரக்கச் சொன்னேன்.

“நீங்களே கூப்பிட்டுட்டும் பேச மாட்டீங்களா?” என்றாள். இந்தத் தடவை குரல் உடைந்தது. வைத்துவிட்டாள்.

மனைவி ஓடிவந்தாள். “யாரைப் போட்டு இந்தக் கத்து கத்துறீங்க? மூணு வீட்டுக்குக் கேக்குது!” விஷயத்தைச் சொன்னேன். “மொதல்ல இந்த வாலைப் பிடுங்குங்க,” என்று அவளே இழுத்துப் போட்டாள். மறுபடி கூப்பிட்டபோது மகளின் போன் அணைந்திருந்தது. கீழே விழுந்ததில் திரை உடைந்து, சார்ஜும் தீர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் அறைத்தோழியின் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏட்டி, சத்தியமா அவரு பேசுனாரு. அந்த வால் மாட்டியிருந்துச்சு, அதான் உனக்குக் கேக்கல.”

“அம்மா, நீ எத்தன தடவ தொண்ட கட்டிருக்குன்னு சொல்லிருக்க?”

“இது அந்தத் தொண்டை இல்லட்டி.”

“வேற தொண்டையா?” என்று சிரித்தாள். அப்புறம், “அவர்கிட்ட குடுக்காத. இப்ப என்னால முடியாது. தலை வலிக்குது,” என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். சட்டைப் பையில் டாங்கிள், கைப்பையில் ஹெட்போன். சாட்சிக்கு எடுத்துப் போனேன். ஜிர்கடாங்கில், காட்டுவழியே வண்டிகளைக் கூட்டமாக விடும் கான்வாய்க்காக நின்றோம், நீர்ச்சந்தியைப் பஸ்ஸோடு படகில் கடந்தோம். வழி முழுக்க எதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்ட பிள்ளைக்கு நான் வேண்டாம் என்று சொன்னதாக அவள் நினைத்துக்கொண்டு ஓர் இரவு படுத்திருந்தாள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

கதவைத் திறந்த அறைத்தோழி, “அங்கிள்! ஆப்?” என்றாள், நீங்களா என்று. மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஹெட்போன் வயரை வாங்கி, மாணவரின் நோட்டைப் பார்ப்பதுபோல அதன் முனையிலிருந்த பின்னைத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல ரெண்டு கறுப்புக் கோடுதான் இருக்கு. மைக் வச்ச பின்னுன்னா மூணு இருக்கும்.”

அவள் சொல்லித்தான் புரிந்தது. ஹெட்போனில் மைக் இருக்கிறது என்று டாங்கிள் போனிடம் சொல்லிவிடுகிறது. போன் தன் மைக்கை மூடிக்கொண்டு, இல்லாத மைக்கில் குரல் வரும் என்று காத்திருக்கிறது.

அறைத்தோழிக்கு அது போதவில்லை. “டெஸ்ட் கரேங்கே, அங்கிள்,” என்று, சோதித்துப் பார்க்கத் தன் போனோடு கொல்லைப்பக்கம் போய் என்னைக் கூப்பிட்டாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எடுத்தேன்.

“ஏதாவது பேசுங்க,” என்றாள் மகள்.

“வீட்டுக்கு வா,” என்றேன்.

“குச் நஹி, அங்கிள்! ஜீரோ!” என்று கொல்லையிலிருந்து சத்தம் வந்தது, ஒன்றுமே கேட்கவில்லையாம். திரும்பி வந்து டாங்கிளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “இத்னா சோட்டா சாமான், இத்னா படா ஜக்டா!” இவ்வளவு சின்னச் சாமானுக்கு இவ்வளவு பெரிய சண்டையா என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. மகளும் சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்தது.

“சரி, நேத்து மெஷின்தான். நம்புறேன்,” என்றாள் என்னிடம். “மத்த பதினோரு நாள்?”

“அது நான்தான்.”

அவள் தலையசைத்தாள். நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். “மத்தியானப் பஸ் இருக்கு. வா, போகலாம்,” என்றேன்.

“நேத்து கேட்டப்ப வரணும்போல இருந்துச்சுப்பா. இன்னிக்கு இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. நான் வயரைச் சுருட்டிக் கைப்பையில் வைத்தேன்.

“அப்ப நான் இங்க இருக்கட்டுமா? ரெண்டு நாள் யாராவது இருக்கணும்னாரே டாக்டர்,” என்றேன்.

அறைத்தோழி கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். மூன்று துணி மடித்திருப்பாள்.

“இருங்க,” என்றாள் மகள். “ஆனா காலைல ஆறு மணிக்குத் தண்ணி விடுவாங்க. நீங்கதான் பிடிக்கணும்.”

எந்தக் குடத்தில் என்று உடனே கேட்டேன்.